லாண்டாவ் விட்டுச்சென்ற கணக்கு

சில மாதங்களுக்கு முன்பு முதுகுவலிக்காக எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துக்கொள்ள நேர்ந்தது. குறுகிய குழாய்க்குள் அரை மணி நேரம் அசையாமல் படுத்திருந்து வெளியே வந்ததும், இந்த இயந்திரத்தின் காந்தத்தை எத்தனை மணிக்கு அணைப்பீர்கள் என்று அதை இயக்கியவரிடம் கேட்டேன். அணைப்பதே இல்லை, இரவும் பகலும் அது காந்தமாகவே இருக்கும் என்றார் அவர். மின்தடை சிறிதும் இல்லாத கம்பிச்சுருளில் ஒருமுறை செலுத்திய மின்னோட்டம் ஆண்டுக்கணக்கில் தானே சுற்றிக்கொண்டிருப்பதுதான் அதற்குக் காரணம். திரவ ஹீலியத்தால் மைனஸ் 269 டிகிரி செல்சியஸ் வரை குளிர்விக்கப்பட்ட நியோபியம்-டைட்டானியக் கம்பி அது. இத்தகைய பொருள்களை மீக்கடத்திகள் என்கிறோம்.

நான் பொருளாதாரம் கற்பித்தவன். இயற்பியல் என் துறை அன்று. ஆனால், என் மாணவப் பருவத்தில் சோவியத் புத்தகக் கண்காட்சிகளில் மிக மலிவாகக் கிடைத்த நூல்களில் ஒன்று, லெவ் லாண்டாவும் கிடைகோரோட்ஸ்கியும் பொதுமக்களுக்காக எழுதிய இயற்பியல் நூல். அன்று தொடங்கிய ஆர்வம் ஓய்வுக்காலத்தில் லாண்டாவின் வாழ்க்கையைத் தேடிப் படிக்க வைத்தது. மேதையின் கதையைப் படிக்கப்போகிறோம் என்றுதான் நினைத்தேன். படித்து முடித்தபோது மனத்தில் தங்கியதோ, அறிவு எப்படியெல்லாம் தொலைந்து போகிறது என்ற கேள்வி.

லாண்டாவ் 1908 ஜனவரி 22 அன்று, காஸ்பியன் கடற்கரையின் பாக்கு நகரில் பிறந்தார். தந்தை எண்ணெய்த் தொழிலில் பொறியாளர், தாய் மருத்துவர். 14 வயதில் பாக்கு பல்கலைக்கழகத்தில் சேர்ந்து இயற்பியலையும் வேதியியலையும் ஒருங்கே பயின்றார். 1924-இல் லெனின்கிராடுக்கு மாறி, 1927-இல் பட்டம் பெற்றார். 1929 முதல் 1931 வரை ஐரோப்பிய ஆய்வு மையங்களில் சுற்றிவந்தார். கோபன்ஹேகனில் நீல்ஸ் போருடன் கழித்த நாள்களே அவரைச் செதுக்கின. யாரையும் எளிதில் மதிக்காத லாண்டாவ், தம் வாழ்நாள் முழுவதும் ஆசிரியராக ஏற்றது போர் ஒருவரையே.

1932-இல் உக்ரைனின் கார்கோவ் நகரிலிருந்த இயற்பியல்-தொழில்நுட்ப நிறுவனத்தில் கோட்பாட்டுத் துறையின் தலைவரானபோது அவருக்கு வயது 24. தம்மிடம் பயில வருவோர் கடக்க வேண்டிய கடுமையான தேர்வு வரிசை ஒன்றை அங்குதான் வகுத்தார். 1961 வரையிலான ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் அதைக் கடந்தவர்கள் 43 பேர் மட்டுமே. கருத்தரங்கில் பேச வருபவரை இரண்டாவது வாக்கியத்திலேயே மடக்கி உட்கார வைப்பார் என்பது ஊரறிந்த செய்தி. அவருடைய அறைக் கதவில், உள்ளே இருப்பவர் கடிப்பார் என்று எச்சரிக்கும் பலகை ஒன்று தொங்கியதாகச் சொல்வார்கள்.

அதே நிறுவனத்தில் தாழ்வெப்பநிலை ஆய்வுக்கூடத்தை நடத்தியவர் லெவ் ஷூப்னிகோவ். லாண்டாவின் நெருங்கிய நண்பர். மீக்கடத்துத்திறன் 1911-இல் காமர்லிங் ஆன்னஸால் பாதரசத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட நெதர்லாந்தின் லெய்டன் நகரில் தொழில் பயின்று திரும்பியவர். லாண்டாவ் எண்ணினார், ஷூப்னிகோவ் அளந்தார். இருவரும் ஒரே வளாகத்தில் பணியாற்றிய அந்தச் சில ஆண்டுகளை இன்று நினைத்தால் வியப்பும் வேதனையும் சேர்ந்தே எழுகின்றன.

லாண்டாவின் மிகப் பெரிய எண்ணங்களுள் ஒன்று 1937-இல் வெளியாயிற்று. இரும்பைச் சூடாக்கினால் 770 டிகிரி செல்சியஸில் அது காந்தத்தன்மையை இழக்கிறது. ஈயத்தைக் கடுமையாகக் குளிர்வித்தால் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் மின்தடையை இழக்கிறது. ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை போலத் தோன்றும் இத்தகைய நிலைமாற்றங்களில் பொதுவானது என்ன என்று அவர் கேட்டார். ஒழுங்கு தோன்றுவது அல்லது குலைவது என்பதே விடை. அந்த ஒழுங்கின் அளவை ஓர் எண்ணால் குறிக்கலாம். ஒழுங்கில்லாத நிலையில் அது சுழியம். ஒழுங்கு பிறந்ததும் சுழியத்தை விட்டு நகர்கிறது. ஒழுங்கை ஏற்பதால் பொருளுக்கு வரும் ஆற்றல் ஆதாயத்தையும் செலவையும் ஒரு சிறிய கணக்காக எழுதினால், எந்த மதிப்பில் மொத்தச் செலவு மிகக் குறைவோ அதையே இயற்கை தேர்ந்தெடுக்கும்.

இதைப் படித்தபோது ஒரு பொருளாதார ஆசிரியனாக எனக்குப் புன்னகை வந்தது. ஒவ்வோர் அணுவும் என்ன செய்கிறது என்று கேட்காமல், மொத்த வரவு செலவைக் கொண்டே நடத்தையைச் சொல்லிவிடும் முறை எங்களுக்கு நன்கு பழக்கமானது. ஆனால், எங்கள் கணக்குகள் பெரும்பாலும் பிசகும். அவருடைய கணக்கு பெரும்பாலும் பலித்தது. நிலைமாற்றம் நிகழும் புள்ளிக்கு மிக அருகில் அதுவும் பிசகும் என்பதும், அதைத் திருத்த கென்னத் வில்சன் போன்றோரின் உழைப்பு தேவைப்பட்டது என்பதும் பின்னாளைய வரலாறு.

ஏறத்தாழ அதே நாள்களில் ஷூப்னிகோவ் வேறொன்றை அளந்துகொண்டிருந்தார். மீக்கடத்தி ஒன்றைக் காந்தப்புலத்தில் வைத்தால் அது புலத்தை வெளியே தள்ளிவிடும். புலம் எல்லை மீறினால் மீக்கடத்துத்திறன் திடீரென்று அழியும் என்பதே அன்றைய புரிதல். ஈயத்துடன் தாலியத்தைக் கலந்த உலோகக் கலவைகளை ஷூப்னிகோவின் குழு கவனமாகத் தயாரித்து அளந்தபோது, அவை அந்த விதிக்குக் கட்டுப்படவில்லை. ஓர் எல்லையில் காந்தப்புலம் மெல்ல உள்ளே நுழையத் தொடங்கியது. அதன் பிறகும் மீக்கடத்துத்திறன் அழியாமல், அதைவிட மிக உயர்ந்த இரண்டாவது எல்லை வரை தாங்கி நின்றது. கலவை சீராக இல்லாததால் வரும் கோளாறு என்றே அக்காலத்தில் பலரும் இத்தகைய அளவீடுகளை ஒதுக்கினர். ஷூப்னிகோவின் முடிவுகள் 1937-இல் அச்சாயின.

அந்த ஆண்டு ஆகஸ்டில் ஷூப்னிகோவ் கைது செய்யப்பட்டார். நவம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஸ்டாலின் ஆட்சியின் பெரும் களையெடுப்பில் கார்கோவ் நிறுவனம் சிதைந்தது. அவர் இறந்த நாள்கூட மறைக்கப்பட்டது. 1945-இல் இதயக் கோளாறால் இறந்தார் என்ற பொய்யே பல பத்தாண்டுகள் நூல்களில் இடம்பெற்றது.

லாண்டாவ் 1937 தொடக்கத்திலேயே மாஸ்கோவுக்கு, பியோதர் காபிட்சா தலைமையேற்றிருந்த நிறுவனத்துக்குச் சென்றுவிட்டார். ஆனால், 1938 ஏப்ரல் இறுதியில் அவரும் கைதானார். மே தின ஊர்வலத்துக்கென ஸ்டாலினை பாசிசவாதிகளோடு ஒப்பிடும் துண்டறிக்கை ஒன்றை உருவாக்கியதில் அவருக்குப் பங்குண்டு என்பது குற்றச்சாட்டு. கைதான அன்றே காபிட்சா ஸ்டாலினுக்குக் கடிதம் எழுதினார். பின்னர் மாலட்டோவுக்கு எழுதினார். அதற்குச் சற்று முன்புதான், திரவ ஹீலியம் குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே உராய்வே இன்றிப் பாய்வதைக் காபிட்சா கண்டறிந்திருந்தார். அந்தப் புதிரை விளக்க இந்த நாட்டில் லாண்டாவை விட்டால் ஆளில்லை என்பது அவருடைய வாதம். இறுதியில் 1939 ஏப்ரலில், லாண்டாவ் இனி அரசுக்கு எதிராக எதுவும் செய்யமாட்டார் என்று தம் சொந்தப் பொறுப்பில் உறுதி எழுதிக் கொடுத்து அவரை மீட்டார். ஓராண்டுச் சிறை லாண்டாவின் உடலை உருக்குலைத்திருந்தது.

அந்தக் காலத்தில் அப்படியொரு கடிதம் எழுதுவது எளிய செயலன்று. எழுதியவரின் தலையும் போகக்கூடிய காலம் அது. காபிட்சா கேட்டபடியே, 1941-இல் லாண்டாவ் திரவ ஹீலியத்தின் மீப்பாய்வுக்கு விளக்கம் தந்தார். பின்னாளில் அவருக்கு நோபல் பரிசைக் கொண்டுவந்தது முதன்மையாக அந்தப் பணியே. ஒருவருக்கு ஒரு காபிட்சா கிடைத்தார். அவருடைய நண்பருக்குக் கிடைக்கவில்லை. அறிவியல் வரலாற்றின் இரண்டு பக்கங்களுக்கு இடையே உள்ள வேறுபாடு சில வேளைகளில் இவ்வளவுதான்.

1950-இல் லாண்டாவும் இளையவரான விட்டாலி கின்ஸ்பர்க்கும் சேர்ந்து, 1937-இன் ஒழுங்குக் கணக்கை மீக்கடத்திக்குப் பொருத்தினர். மீக்கடத்திகள் இரு வகையாக இருக்க முடியும் என்பது அந்தச் சமன்பாடுகளுக்குள்ளேயே அடங்கியிருந்தது. அன்று அறியப்பட்ட தூய உலோகங்கள் பெரும்பாலும் முதல் வகையைச் சேர்ந்தவை என்பதால், இரண்டாவது வகையை அவர்கள் பொருட்படுத்தவில்லை. அந்த இரண்டாவது வகையைத்தான் ஷூப்னிகோவ் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பே அளந்து, அச்சிட்டும் வைத்திருந்தார். அளந்தவர் உயிரோடு இல்லை. விடாமல் வாதாட ஆளில்லை.

லாண்டாவின் மாணவர் அலெக்ஸி அப்ரிகோசோவ் அந்த விடுபட்ட பாதியைக் கையில் எடுத்தார். இரண்டாவது வகை மீக்கடத்தியில் காந்தப்புலம் மெல்லிய சுழல்களாக உள்ளே நுழையும். ஒவ்வொரு சுழலின் நடுவிலும் மீக்கடத்துத்திறன் அழிந்திருக்கும். சுழல்களுக்கு வெளியே அது உயிரோடிருக்கும் என்று 1953 வாக்கில் கணக்கிட்டார். லாண்டாவ் அதை ஏற்கவில்லை. தாள்கள் மேசை அறைக்குள் போயின என்பதை அப்ரிகோசோவே பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். திரவ ஹீலியத்தில் சுழல்கள் உண்டு என்று அமெரிக்காவின் ரிச்சர்ட் ஃபைன்மன் எழுதியதைப் படித்த பிறகே ஆசிரியரின் மனம் மாறியது. 1957-இல் கட்டுரை வெளியானபோது, அப்ரிகோசோவ் தம் கணக்கை ஒப்பிட்டுக் காட்டியது ஷூப்னிகோவின் ஈய-தாலிய அளவீடுகளோடுதான். இரண்டும் பொருந்தின. இருபது ஆண்டு கழித்து, கொலையுண்ட மனிதரின் கணக்கேடு சரி என்று தீர்ப்பாயிற்று. நான் படுத்திருந்த ஸ்கேன் இயந்திரத்தின் கம்பியும் அந்த இரண்டாவது வகையைச் சேர்ந்ததே.

துப்பாக்கியால் தொலைந்தது ஒன்று. மரியாதையால் தாமதமானது மற்றொன்று. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது என்பதை அறிவேன். ஆயினும், இரண்டாவது தவற்றில் எனக்கும் பங்குண்டு. ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், என்னிடம் முனைவர் பட்ட ஆய்வு செய்த மாணவி ஒருவர் மானாவாரிக் கிராமங்களில் கூலி விவரம் திரட்டி வந்தார். வேலையின்றி ஆள்கள் மிகுந்திருந்த மாதங்களிலும் கூலி இறங்கவில்லை என்று அவருடைய அட்டவணைகள் காட்டின. நான் நம்பிய கோட்டின்படி அது இறங்கியிருக்க வேண்டும். கணக்கெடுப்பில் பிழை இருக்கும், அந்த இயலை விட்டுவிடுங்கள் அம்மா என்றேன். அவர் மறுபேச்சின்றி விட்டுவிட்டார், பட்டமும் கிடைத்தது. கிராமத்துக் கூலி அவ்வாறு இறங்க மறுப்பது பல ஆய்வுகளில் உறுதியான செய்தி என்று பிற்பாடு படித்தபோது, அவரைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். அவர் சிரித்தார். அந்தக் குறிப்பேடுகள் வீடு மாறியபோது பழைய தாள்களோடு எடைக்குப் போய்விட்டன என்றார்.

லாண்டாவின் இறுதி ஆண்டுகள் துயரமானவை. 1962 ஜனவரி 7 அன்று, மாஸ்கோவிலிருந்து டூப்னா செல்லும் பனி படர்ந்த சாலையில் அவர் சென்ற கார் லாரியோடு மோதியது. பல வாரங்கள் நினைவின்றிக் கிடந்தார். அந்த ஆண்டின் நோபல் பரிசை மாஸ்கோ மருத்துவமனையிலேயே சுவீடன் தூதர் அவரிடம் வழங்கினார். ஆய்வுக்கு அவர் திரும்பவே இல்லை. 1968 ஏப்ரல் 1 அன்று காலமானார். யெவ்கெனி லிஃப்ஷிட்ஸுடன் அவர் தொடங்கிய பாடநூல் வரிசை பிறரால் நிறைவு செய்யப்பட்டு, இன்றும் உலகெங்கும் பயிலப்படுகிறது. கின்ஸ்பர்க்கும் அப்ரிகோசோவும் நோபல் பெற 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அவர் மறைந்து பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின், 1986-இல், சூரிச் அருகே ஐ.பி.எம். ஆய்வகத்தில் பெட்னோர்ஸும் முல்லரும், லாந்தனம், பேரியம், தாமிரம், ஆக்சிஜன் சேர்ந்த பீங்கான் போன்ற பொருள் ஒன்று அதுவரை காணாத உயர் வெப்பநிலையில் மீக்கடத்தியாவதைக் கண்டனர். மறு ஆண்டே இட்ரியம் கலந்த இன்னொரு தாமிர ஆக்சைடு மைனஸ் 180 டிகிரி செல்சியஸிலேயே மின்தடையை இழந்தது. விலையுயர்ந்த ஹீலியத்துக்குப் பதில் மலிவான திரவ நைட்ரஜனே போதும் என்றாயிற்று. குப்ரேட் எனப்படும் இப்பொருள்கள் அனைத்தும் ஷூப்னிகோவ் கண்ட இரண்டாவது வகையே.

ஆனால், இவை விந்தையான பொருள்கள். தூய நிலையில் இவை மின்சாரத்தைக் கடத்துவதே இல்லை. தாமிர அணுக்களின் நுண்காந்தங்கள் ஒன்று மேலும் அடுத்தது கீழுமாக மாறி மாறி நிற்கின்றன. எலெக்ட்ரான்கள் தத்தம் இடத்தில் முடங்கிக் கிடக்கின்றன. வேற்று அணுக்களைச் சேர்த்து எலெக்ட்ரான்களில் சிலவற்றை அகற்றினால் அந்தக் காந்த ஒழுங்கு குலைந்து, மீக்கடத்துத்திறன் தலைதூக்குகிறது. தாமிர அணு நூற்றுக்கு ஏறத்தாழ பதினாறு எலெக்ட்ரான்கள் வீதம் அகற்றும்போது அது உச்சம் தொடுகிறது. மேலும் அகற்றினால் மங்கி மறைகிறது. இடையில் எட்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில், பெட்னோர்ஸும் முல்லரும் ஆராய்ந்த அதே லாந்தனம்-பேரியப் பொருளில் மீக்கடத்துத்திறன் பெரும்பாலும் அற்றுப்போகிறது. அங்கே எலெக்ட்ரான்கள் வரிவரியாக அணிவகுத்து நின்றுவிடுகின்றன.

ஒரே எலெக்ட்ரான்களுக்காகப் பல ஒழுங்குகள் போட்டியிடுகின்றன என்பதே இதன் பொருள். ஒரே சம்பளத்தில் பிள்ளையின் கல்விச் செலவும் வீட்டுக் கடன் தவணையும் போட்டியிடுவதைப் போன்றது இது. ஒன்று பெருகினால் மற்றொன்று சுருங்கும். இதைக் கணக்கிட இயற்பியலாளர்கள் எடுத்தது லாண்டாவின் 1937 முறையைத்தான். ஒன்றுக்குப் பதில் இரண்டு ஒழுங்கு எண்கள். இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால் கூடுதல் செலவு என்று இன்னோர் உறுப்பு. அவ்வளவே.

இந்தக் கணக்கிலிருந்து ஒரு முன்னறிவிப்பு பிறக்கிறது. ஓர் ஒழுங்கை அடக்கினால் மற்றது தலையெடுக்க வேண்டும். மீக்கடத்துத்திறன் அழிந்திருக்கும் இடம் எது? அப்ரிகோசோவின் சுழல்களின் நடுப்பகுதி. 2002-இல் வெளியான ஆய்வு ஒன்று பிஸ்மத் வகைக் குப்ரேட்டின் சுழல்களை நுண்ணோக்கியால் பார்த்தபோது, நடுவிலும் அதைச் சுற்றிலும் சதுரங்கப் பலகை போன்ற மின்னணு அணிவகுப்பு தென்பட்டது. 2012-இல் இட்ரியம் வகைக் குப்ரேட்டை எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்தவர்கள் இன்னும் தெளிவாகவே கண்டனர். பொருளைக் குளிர்விக்கக் குளிர்விக்க மின்னூட்ட அலை வலுக்கிறது. மீக்கடத்துத்திறன் பிறந்ததும் அது மெலியத் தொடங்குகிறது. காந்தப்புலத்தால் மீக்கடத்துத்திறனை நலிவித்தால் அலை மீண்டும் வலுக்கிறது. ஒருவர் எழ மற்றவர் தாழும் ஏற்றப்பலகை போன்ற காட்சி.

இருந்தும் கதை இங்கே முடியவில்லை. மீக்கடத்துத்திறனுக்கு எதிரியாகத் தோன்றும் காந்த ஒழுங்கே, எலெக்ட்ரான்களை இணைசேர்க்கும் பிணைப்புக்கும் மூலமாக இருக்கலாம் என்ற கருத்து 1987-இலிருந்து வலுவாக உள்ளது. அவ்வாண்டில் பிலிப் ஆண்டர்சன் முன்வைத்த இந்தத் திசையிலான கோட்பாட்டை வளர்த்தெடுத்ததில், சென்னை கணித அறிவியல் நிறுவனத்தில் நெடுங்காலம் பணியாற்றிய கணபதி பாஸ்கரனுக்கு முக்கியப் பங்குண்டு. வரிசைகட்டி நிற்கும் எலெக்ட்ரான்களின் ஊடேயும் தளத்துக்குள் மட்டும் மீக்கடத்துத்திறன் மறைந்து வாழ்வதற்கான தடயங்கள் கிடைத்துள்ளன. எனவே, இந்த ஒழுங்குகள் வெறும் பகைவர்களா, ஒரே வயிற்றில் பிறந்த பங்காளிகளா என்பது இன்னும் தீராத வழக்கு.

இதில் இன்னொரு முரணும் உண்டு. உலோகத்தில் எலெக்ட்ரான்கள் எப்படி இயங்கும் என்பதற்கு 1956-இல் லாண்டாவே வகுத்த ஃபெர்மி திரவக் கோட்பாடு, குப்ரேட்டின் ஒரு பகுதியில் தோற்றுப்போகிறது. தாழ்வெப்பநிலையில் மின்தடை வெப்பநிலையின் இருமடிக்கு ஏற்ப உயர வேண்டும் என்கிறது அக்கோட்பாடு. அங்கோ அது நேர்க்கோட்டில் உயர்கிறது. லாண்டாவின் ஒரு கணக்கு நமக்கு வழிகாட்டும் அதே பொருளில், அவருடைய மற்றொரு கணக்கு கைவிடுகிறது. அவர் உயிரோடு இருந்து இதைப் பார்த்திருந்தால், அளந்தவர்மீது முதலில் எரிந்து விழுந்திருப்பார். பிறகு தாளை எடுத்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

குப்ரேட்டின் கேள்விக்கு விடை எந்த அளவீட்டிலிருந்து வரும் என்று இன்று யாருக்கும் தெரியாது. கோளாறு என்று ஒதுக்கப்பட்ட ஏதோ ஓர் அட்டவணையிலிருந்தும் வரலாம். நம் பல்கலைக்கழகங்களுக்கு என் வேண்டுகோள் சிறியதுதான். கோட்பாட்டுக்குப் பொருந்தவில்லை என்பதற்காக எந்த ஆய்வு மாணவரின் தரவும் நீக்கப்படக்கூடாது; பிற்சேர்க்கையாகவேனும் அது ஆய்வேட்டில் இடம்பெற வேண்டும் என்று விதி செய்யலாம். வழிகாட்டி ஏற்காத முடிவை வேறொரு குழுவிடம் எடுத்துச்செல்ல மாணவருக்கு வழி இருக்க வேண்டும். கருத்துக்காக ஆசிரியரோ மாணவரோ அதிகாரத்தின் கோபத்துக்கு ஆளாகும்போது, காபிட்சாவைப் போல அன்றே கடிதம் எழுதும் துணிவு துறைத்தலைவர்களுக்கு வேண்டும்.

எடைக்குப் போன அந்தக் கூலிக் குறிப்பேடுகளை என்னால் இனி மீட்க முடியாது. அடுத்த மாணவரின் குறிப்பேட்டையாவது நாம் காப்பாற்றுவோம்.